கல்லைக் கடிக்கிற மீன்

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து போன் வந்தது. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் செந்தில்தான் பேசினான். மாடியில் கிடக்கிற அலுமினிய அண்டாவை எடைக்குப் போடப் போகிறார்களாம், அதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தோன்றியதாம். ஏனப்பா, அது என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். அந்தமான் போகிறவர்களுக்கு இனிமேல் செல்போனிலேயே ஒரு வீடியோ அனுப்பிவிடுகிறார்களாம். கடலுக்குள் மீன் பார்க்கிற கண்ணாடியை எப்படி மாட்டுவது, குழாயில் எப்படி மூச்சு விடுவது எல்லாம் அதில் வந்துவிடுகிறதாம்.

வீடியோவைப் பார்த்தால் தலை நனையாது என்று வாய் வரை வந்தது. ஓய்வு பெற்றவன் எதைச் சொன்னாலும் புலம்பல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் பேசாமல் ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வில்லாபுரம் போனேன். அண்டாவை ஏற்றி விளாங்குடியில் என் வீட்டு வாசலில் இறக்கினேன். என் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்து நின்று, "இதுக்குள்ள யாரை வச்சு அவிக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

செந்தில் அண்டாவைக் கொடுத்துவிட்டான், ஆனால் விடவில்லை. இதை வைத்து என்னதான் செய்தீர்கள், ஒரு தடவை எழுதிக் கொடுங்கள் அண்ணே என்று பிடுங்கி எடுத்துவிட்டான். எழுதுகிறேன். ஒரு அண்டாவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் இத்தோடு எழுந்து போய்விடலாம், வருத்தமில்லை.

என் பெயர் தங்கராசு. டூர் கம்பெனி வேனில் கிளீனராக ஏறினேன், டிரைவரானேன், கடைசியில் டூர் மேனேஜராக இறங்கினேன். இடையில் கற்றுக்கொண்டதெல்லாம் வாந்திக்கு எலுமிச்சம்பழம், தூக்கத்துக்கு ஜன்னல் சீட், சண்டைக்கு டீ. மற்றதையெல்லாம் எங்கள் முதலாளி மங்கை அக்காவிடம் கற்றேன். புருஷன் விட்டுப்போன ஒரே ஒரு வேனை வைத்துக்கொண்டு ராமேஸ்வரத்துக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தவர் அவர். எத்தனையோ பேரைக் கடல் தாண்டி அனுப்பினாலும் அவர் ஒரு நாளும் கடல் தாண்டியதில்லை. வேன் பாம்பன் பாலத்தில் ஏறினாலே அவருக்குக் குமட்டும்.

மதுரைக்காரனுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம். ராமேஸ்வரம் என்றால் செத்துப்போனவர்கள் பேரில் எள்ளும் தண்ணீரும் இறைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டு, உடுத்தியிருந்த பழைய துணியைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவது. எங்களுக்கும் கடலுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். கடலுக்குள் கண்ணைத் திறந்து பார்க்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தமானுக்கு நான் கூட்டிப்போன முதல் கூட்டத்தில் பாதிப் பேர் ஆனையூர், மீதிப் பேர் வில்லாபுரம். சென்னை வரை ரயில், அங்கிருந்து விமானம், போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல், அந்தத் தீவின் துறையிலிருந்து சின்னப் படகு. அந்தப் படகு போய் நிற்கிற இடம்தான் நான் சொல்ல வந்த கடற்கரை. பின்னால் அடர்ந்த காடு. காட்டு வழியாக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு, மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. அதனால் படகை விட்டால் வேறு கதியில்லை. வேர் பிடுங்கி விழுந்து வெளுத்துப்போன பெரிய மரங்கள் கரையில் படுத்துக்கிடக்கும். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்றால், படகின் நிழல் அடியில் மணலில் தெரியும்.

அப்படிப்பட்ட இடத்தில் இறங்கியதும் எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? வரிசையாகக் கிழக்கே பார்த்து நின்று மூன்று முழுக்குப் போட்டார்கள். ஒரு பெரியவர் இடுப்பு வேட்டியை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார். அது மிதந்து போய்ப் பவளப் பாறையில் மாட்டிக்கொண்டு கொடி மாதிரி ஆடியது. காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். மீன் காட்டுகிற வழிகாட்டி பாபு, வங்காளத்துக்காரர், முங்கிப்போய் அந்த வேட்டியை மீட்டு வந்து, துவைத்த துணியைக் கொடுப்பதுபோல் மரியாதையாகப் பெரியவர் கையில் கொடுத்தார். விட்ட துணியைத் திரும்ப வாங்கினால் தோஷம் என்று பெரியவர் கையை எடுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் இதை நான் எப்படி விளக்குவது? கடைசியில் வேட்டியை நானே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஒருவரும் மீனைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூக்கால் இழுத்தார்கள், குழாயை வாயில் வைத்து நாயனம் ஊதினார்கள். முக்கால்வாசிப் பேர் கிணற்றில் குதிக்கிற பழக்கத்தில் தலை தண்ணீரில் பட்டதுமே கண்ணை மூடிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது படகில் ஒருவர், "எல்லாம் நல்லாத்தேன் இருந்துச்சு தங்கராசு, ஆனா மீனு லீவு போல" என்றார்.

ஊர் வந்து இதையெல்லாம் மங்கை அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் வாடகைப் பாத்திரக் கடையில் கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அண்டா ஒன்றைச் சொந்தமாகவே வாங்கி மாடியில் ஏற்றச் சொன்னார். அண்டாப் பாடம் பிறந்தது இப்படித்தான்.

டூர் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வில்லாபுரம் ஆபீஸ் மாடிக்கு வந்துவிட வேண்டும். வராதவர்கள் தண்ணீரில் இறங்கக்கூடாது, கரையில் உட்கார்ந்து இளநீர் குடிக்கலாம். அண்டாவின் கழுத்து வரை தண்ணீர். அடியில் அக்கா ஏதாவது ஒரு பொருளைப் போட்டு வைப்பார். கண்ணாடியை மாட்டி, குழாயைக் கடித்துக்கொண்டு குனிந்து, பத்து மூச்சு விட்டுவிட்டு நிமிர்ந்து, அடியில் என்ன கிடந்தது என்று அக்காவின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்வது அடுத்தவருக்குக் கேட்கக்கூடாது. அப்படியும் கேட்டுக்கொண்டு ஏமாற்றுவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்து பொருளை மாற்றிக்கொண்டே இருப்பார். கண்ணாடி வளையல் தாயக்கட்டையாகும், தாயக்கட்டை சோழியாகும். "வளையல்" என்று கம்பீரமாகச் சொன்ன ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர், அடியில் சோழி கிடப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.

எச்சில் பெரிய பிரச்சினை. கண்ணாடிக்குள் ஆவி படியாமல் இருக்க எச்சிலைத் துப்பித் தேய்த்துக் கழுவ வேண்டும். எச்சில் டம்ளரையே தொடாத வீட்டுப் பெண்கள் இதற்கு எப்படி ஒப்புவார்கள்? அவரவர் கண்ணாடிக்கு ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டிக் கொடுத்து, "இது உங்க கண்ணாடி, ஊர் திரும்புற வரைக்கும் வேற யாரும் தொட மாட்டாங்க" என்று அக்கா தீர்த்து வைத்தார்.

அதைவிடப் பெரிய பிரச்சினை மீசை. மேலுதட்டில் மயிர் அடர்த்தியாக இருந்தால் கண்ணாடி ஒட்டாது, தண்ணீர் உள்ளே வந்துவிடும். எங்கள் ஊர் ஆட்களிடம் மீசையை எடுங்கள் என்றால் டூரை எடுத்துவிடுவார்கள். ஒரு டப்பா வாசலினை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மீசையாக நான் தடவிவிடுவேன். இந்த வேலைக்கு நான் மேனேஜர் என்பதை என் பிள்ளைகளிடம் நான் சொன்னதில்லை.

இதெல்லாம் வேலை. அக்காவின் உண்மையான வித்தை வேறு. யாராவது பயமாக இருக்கிறது என்றால் பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எதுக்குப் பயம்?" என்று கேட்பார். தண்ணீருக்கு என்பார்கள். "தண்ணியில எதுக்கு?" என்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதுதான் யாராலும் முடியாதது. கொஞ்ச நேரத்தில் உண்மை வெளியே வரும். ஒருவருக்குப் பல்செட் கழன்று கடலில் விழுந்துவிடுமோ என்று பயம். ஒரு அம்மாவுக்குச் சேலை மிதந்து மேலே வந்துவிடுமோ என்று பயம். ஒரு போலீஸ்காரருக்கு, தான் பயப்படுவதைப் பெண்டாட்டி பார்த்துவிடுவாளோ என்று பயம். பல்செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டார்கள், சேலைக்குப் பதில் சுடிதார் வந்தது, போலீஸ்காரரும் பெண்டாட்டியும் வேறு வேறு படகில் போனார்கள். "பயம்னு மொத்தமாச் சொன்னா மருந்து இல்ல தங்கராசு. எதுக்குன்னு சொன்னா ஏதாவது பண்ணலாம்" என்பார் அக்கா.

நான் வேலையை விடுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் கருப்பையாவும் பேச்சியம்மாளும் வந்தார்கள். சமயநல்லூருக்கு மேற்கே ஒரு கிராமம். பண்ணையில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பங்கள். இப்போது அவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் வயல் இருக்கிறது, மகள் நர்ஸாக இருக்கிறாள். அந்த மகள்தான் டூருக்குப் பதிவு செய்து இருவரையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். கருப்பையாவுக்குக் கண் தெரியாது. கண்ணில் பிரஷர் ஏறி, கண்ணாஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தும் வெளிச்சம் திரும்பவில்லை. கண் தெரியாதவரை எதற்கம்மா மீன் பார்க்கிற டூருக்கு அனுப்புகிறீர்கள் என்று நான் மகளிடம் தனியாகக் கேட்டேன். கருப்பையாவின் காது அதையும் பிடித்துவிட்டது. "நான் பார்த்தாச்சு தம்பி. அவதான் பார்க்கணும்" என்றார்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் கருப்பையா அந்தமானில் படகுத்துறை கட்டுகிற வேலைக்குப் போயிருக்கிறார். தூண் இறக்குகிற இடத்தில் தண்ணீருக்குள் பார்க்க ஒரு கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். லீவு நாளில் அதை எடுத்துக்கொண்டு, படகுக்காரர் ஒருவரோடு அந்தக் கடற்கரைக்குப் போவாராம். அங்கே கிளி மாதிரி பச்சையாக, கிளி மாதிரியே அலகு வைத்த மீனைப் பார்த்திருக்கிறார். அது கல்லைக் கடித்துத் தின்னுமாம். ஊருக்கு வந்து இதைச் சொன்னார். கண்மாயில் கெளுத்தியும் விராலும் பிடிக்கிற ஊர் நம்புமா? மீனுக்கு அலகு, அதுவும் கல்லைத் தின்னுகிற மீன்! அன்றிலிருந்து அவர் கிளிமீன் கருப்பையா. ஊரில் யாராவது பெரிதாக அளந்தால், "கிளிமீன் விடாதடா" என்பது அங்கே பேச்சு வழக்கே ஆகிவிட்டது.

ஊரை விடுங்கள், பேச்சியம்மாளே நம்பவில்லை. கல்யாணமான புதிதில் ஆரம்பித்த சண்டை அது. சோற்றில் கல் கிடந்து அவர் முகம் சுளித்தால், "உங்க மீனு தின்னும்ல, நீங்க தின்னா என்ன?" என்பாராம். அவரும் விடமாட்டார், ஒரு நாள் உன்னைக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் பார் என்பார். காட்டுவதற்குள் அவர் கண் போய்விட்டது. அதற்குப் பிறகு பேச்சியம்மாள் அந்தக் கேலியை நிறுத்திவிட்டார். மகள் டூர் பேச்சை எடுத்ததும் முதலில் சரி என்றது அவர்தான்.

அண்டாப் பாடத்தில் பேச்சியம்மாளைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. எச்சில் துப்ப யோசிக்கவில்லை. குனிந்தார், நிதானமாக மூச்சு விட்டார், நிமிர்ந்தார். அக்காவின் காதில் சொல்ல வேண்டியதைச் சத்தமாகவே சொன்னார்: "சாவி. துருப்பிடிச்ச சாவி. பூட்டைத் தொலைச்சுப்புட்டீங்களாக்கா?" அக்கா அன்றைக்குத்தான் சிரித்தார்.

அதனால் பேச்சியம்மாளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் கவலையெல்லாம் கருப்பையாவைப் படகில் ஏற்றி இறக்குவதில்தான் இருந்தது. அதுவும் வீண் கவலை. அவர் கையை வைத்ததும் படகின் விளிம்பு எங்கே, பலகை எங்கே என்று தெரிந்து ஏறி உட்கார்ந்தார். பேச்சியம்மாள் மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வெட்கத்தில் அவருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தார். கண் தெரியாதவரிடம் என்ன வெட்கம் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் கருப்பையா கையை நீட்டிச் சட்டைக் கையைத் தடவிப் பார்த்து, "என்ன புள்ள, பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிட்டியா?" என்றார். படகே சிரித்தது. இன்ஜின் சத்தம் குறைந்ததும் அவர் தலையைத் தூக்கினார். தண்ணீர் இந்நேரம் நிறம் மாறியிருக்குமே என்றார். மாறித்தான் இருந்தது.

கரையில் விழுந்து கிடந்த மரம் ஒன்றில் அவரை உட்காரவைத்தோம். கால் தண்ணீரில் நனைகிற மாதிரி இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பேச்சியம்மாளுக்கு மிதவைச் சட்டை மாட்டி, ரப்பர் வளையத்தைப் பிடித்துக் குப்புறப் படுக்கவைத்து, பாபு முன்னால் இழுத்துப் போனார். நான் பக்கத்தில் நீந்தினேன். அடியில் பவளப் பாறை ஆரம்பித்தது. மஞ்சள் மீன், கறுப்புக் கோடு போட்ட மீன், கூட்டங்கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. பச்சை மீன் ஒன்றும் பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் தொட்டுக் காட்டலாம் என்று பேச்சியம்மாள் பக்கம் திரும்பினேன்.

கண்ணாடிக்குள் அவருடைய இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. பாபு அவர் கையைத் தட்டினார், தண்ணீருக்குள்ளேயே விரலால் காட்டினார். திறக்கவில்லை. மூச்சு மட்டும் அண்டாவில் விட்ட மாதிரியே சீராக விட்டுக்கொண்டிருந்தார். பாறையைச் சுற்றி முழுச் சுற்றும் அப்படியே போய்த் திரும்பினோம்.

கரைக்கு வந்ததும் கருப்பையா எழுந்து நின்றுவிட்டார். பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றார் பேச்சியம்மாள். பச்சையா? பச்சைதான். அலகு? இருந்தது. கல்லைக் கடித்ததா? கடித்தது, நீங்கள் சொன்ன மாதிரியே எல்லாம் இருந்தது. சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டுகிற சாக்கில் அவர் தள்ளிப் போய்விட்டார்.

கருப்பையா மெதுவாக மரத்தில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் சந்தோஷத்தை எதிர்பார்த்து நின்ற எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தம்பி, அவ பார்க்கல" என்றார்.

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் கேட்டதுக்கெல்லாம் ஆமா போடுறா. என்னைக்கும் எனக்கு ஆமா போட்டவ இல்ல அவ. எம்புட்டுச் சண்டை போட்டிருக்கா. அப்பல்லாம் எனக்கு வருத்தமே இருந்ததில்ல. இன்னிக்கு கண்ணு தெரியாதவன்னு எரக்கப்பட்டு ஆமாங்குறா பாருங்க, அதைத்தேன் தாங்க முடியல."

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னாலும் முடியவில்லை. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் அந்தக் கடல் பொறுக்காது, நேரமானால் கிளம்பியே ஆக வேண்டும். இன்றைக்கு விட்டால் பேச்சியம்மாள் மறுபடி இந்தக் கரைக்கு எப்போது வருவார்? இருவரும் இந்தப் பொய்யை வீட்டுக்குக் கொண்டுபோய் நடுவில் வைத்துக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

பேச்சியம்மாளிடம் போனேன். அண்டாவில் அவ்வளவு நன்றாகக் கண்ணைத் திறந்தீர்களே அம்மா, இங்கே என்ன ஆச்சு என்று கேட்டேன். பயமாக இருந்தது என்றார். மங்கை அக்காவை நினைத்துக்கொண்டேன். எதற்குப் பயம் என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு நின்றேன். படகுக்காரர் விசிலடிக்கிறார், மேகம் இறங்குகிறது, நான் சும்மா நிற்கிறேன். என் வேலையிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தவர் கடைசியில் சொன்னார். "தண்ணிக்கு என்ன தம்பி பயம்? நான் கிணத்துல குதிச்சு வளந்தவ. கண்ணைத் தொறந்து பார்த்து, அப்படி ஒரு மீனு இல்லேன்னா? இம்புட்டுக் காலமா அந்த மனுசன் சொன்னது புளுகுன்னு என் கண்ணாலயே தெரிஞ்சுபோச்சுன்னா, நான் என்ன பண்ணுவேன்? இப்ப அவருக்கு அது ஒண்ணுதான இருக்கு."

இருக்கிறது அம்மா, நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க டூர்க்காரரு. அப்படித்தான சொல்வீங்க" என்றார். அக்கா சொன்னபடி எதற்குப் பயம் என்று தெரிந்துகொண்டேன், ஆனால் அதற்கு வாசலினும் இல்லை, சுடிதாரும் இல்லை.

அப்போதுதான் பின்னால் தண்ணீர் கலைகிற சத்தம் கேட்டது. கருப்பையா எங்கள் பேச்சு வந்த திசையைப் பார்த்துக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் தானாகவே நடந்து வந்துகொண்டிருந்தார். பேச்சியம்மாள் பதறி ஓடிப்போய்ப் பிடித்தார். அவர் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஏ புள்ள, இருந்தா இருக்குன்னு சொல்லு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லு, ஊரே சொன்னதுதான, நான் ஒண்ணும் செத்துற மாட்டேன். ஆனா பார்த்துட்டுச் சொல்லு."

பேச்சியம்மாள் அவரை மரத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி, உள்ளே துப்பித் தேய்த்து, கடல் தண்ணீரில் அலசி, மாட்டிக்கொண்டார். நான் படகுக்காரரிடம் ஓடி, இரண்டு கையையும் கூப்பினேன். அதற்குப் பிறகு என் இந்தியில் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது, பாபு ஏதோ எடுத்துச் சொல்லி அவரைச் சம்மதிக்கவைத்தார்.

இந்தத் தடவை பாபு நேராக அந்தப் பாறைக்கே இழுத்துப் போனார். நான் அடியில் பார்க்கவில்லை, பேச்சியம்மாளின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். முதலில் மூடித்தான் இருந்தது. பாறை வந்ததும் இமை நடுங்கியது. ஒரு கண் திறந்தது. பிறகு இன்னொன்று. திறந்த கண் அப்படியே நின்றது. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அவர் பார்க்கிற பக்கம் நானும் திரும்பினேன். முழங்கை நீளத்துக்குப் பச்சை மீன் ஒன்று, ஓரத்தில் கொஞ்சம் ரோஸ் நிறம், அலகால் பாறையைக் கடித்துக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. வாலின் பக்கமிருந்து மணல் மாதிரி தூள் உதிர்ந்தது. நாங்கள் மூன்று பேர் வந்து மேலே மிதக்கிறோம் என்கிற மரியாதையே அதற்கு இல்லை. தன் சாப்பாட்டில் கவனமாக இருந்தது. பாபு இழுக்கப் பார்த்தார், பேச்சியம்மாள் வரமாட்டேன் என்று காலை உதைத்தார். தூறல் விழுந்து முதுகில் குத்தும் வரை அங்கேயே கிடந்தோம்.

கரையில் கருப்பையா இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஈரத்தோடு போய் அவர் பக்கத்தில், அந்த மரத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

பிறகு பேச்சியம்மாள் கோபமாகக் கேட்டார்: "ஏங்க, அது கல்லைக் கடிக்கிறப்ப கறுக்கு கறுக்குன்னு சத்தம் வருது. பொரியுருண்டையைக் கடிக்கிற மாதிரி. இம்புட்டு நாளும் அதை மட்டும் எங்கிட்ட ஏன் சொல்லல?"

கருப்பையா அவர் பக்கம் திரும்பினார்.

"மீனையே நம்பாதவகிட்ட, சத்தத்தை எப்படிப் புள்ள சொல்றது?"

அந்தச் சத்தத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லையாம். மீனைச் சொன்னதற்கே ஊர் இந்தப் பாடு படுத்தியது, சத்தத்தையும் சொன்னால் விட்டுவைக்குமா என்று தன்னோடு வைத்துக்கொண்டாராம். இப்போது அவர் மனைவியின் கையைத் தேடி எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார், இரண்டையும் சேர்த்தே செய்தார். நான் மழைக்குப் பயந்து ஓடுகிறவன் மாதிரி படகுப் பக்கம் போய்விட்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க மழை வசதியாக இருந்தது.

திரும்புகிற வழியெல்லாம் சண்டை. சத்தத்தைச் சொல்லாமல் மறைத்தது துரோகம் என்று பேச்சியம்மாள். நீ ஒழுங்காக நம்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று கருப்பையா. மதுரை வந்து இறங்குகிற வரை ஓயவில்லை. மங்கை அக்காவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் நெற்றிக்கு ஏற்றிய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் சொன்னது ஒன்றுதான்: அடுத்த தடவை அந்த அம்மாவின் கண்ணாடிக்குக் கட்டிய பச்சை நூலை அவிழ்த்து வேறு யாருக்கும் கட்டாதே.

அதற்கப்புறம் அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. போனேன். மொய் எழுதிவிட்டுப் பந்தலுக்குள் நுழைந்தால், நடுவில் பேச்சியம்மாள் கையை வீசிப் பேசிக்கொண்டிருக்கிறார், சுற்றி உட்கார்ந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அலகு எவ்வளவு பெரிது என்று விரலால் காட்டினார், கறுக்கு கறுக்கு என்று வாயால் செய்து காட்டினார். "நல்லா விடுறீங்க சின்னம்மா கிளிமீனு. இம்புட்டு நாளும் ஐயா விட்டாரு, இப்ப நீங்களா?" என்று ஒருத்தி கேட்டதும் பந்தலே அதிர்ந்தது.

பேச்சியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. கூட்டத்தில் என்னைப் பார்த்ததும், இதோ கூட வந்தவரே இருக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அதே பெண், "அவரு டூர்க்காரரு, அப்படித்தான சொல்வாரு" என்று முடித்துவிட்டாள். பேச்சியம்மாள் கடைசியாகப் பந்தல் ஓரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்து, நீங்களாவது சொல்லுங்களேன் என்றார்.

கருப்பையா அவசரப்படவில்லை. வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நான் பார்த்து ரொம்பக் காலமாச்சு. அவ இப்பப் பார்த்தவ. அவ சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்."